அதுக்கு முன்னாடி டீச்சர்

எங்க பேக்கரி இன்னிக்கும் திறந்திருக்குன்னா அதுக்குக் காரணம் ஒரு டீச்சர். அது மூடற நிலைமைக்கு வந்ததுக்கும் அதே டீச்சர் தான் காரணம். ரெண்டையும் சேர்த்துத் தான் சொல்லணும். ஒண்ணைச் சொல்லி ஒண்ணை மறைச்சேன்னு தெரிஞ்சா அவங்களே வந்து என்னை உலுக்கி எடுத்துடுவாங்க.

அவங்களை எல்லாரும் 'அதுக்கு முன்னாடி டீச்சர்'னு தான் சொல்லுவோம். எங்க கடைக்கு எதிர்ல இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்துல சமூக அறிவியல் எடுக்குறாங்க. அப்போ நிரந்தர வேலை இல்ல, வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. "டீச்சர், இவன் என்னை அடிச்சிட்டான்"னு ஒருத்தன் மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்தா உடனே தீர்ப்பு சொல்ல மாட்டாங்க. "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"ம்பாங்க. "ஒண்ணும் இல்ல டீச்சர், சும்மா உட்கார்ந்திருந்தேன்." "அதுக்கு முன்னாடி?" "அவன் பையைத் திறந்தேன்." "அதுக்கு முன்னாடி?" அதுக்குள்ள அவனுக்கே சிரிப்பு வந்துடும், அழுகை நின்னுடும். பிள்ளைங்க வச்ச பேரு பெத்தவங்க வாய்க்கு வந்து, அப்படியே எங்க கடை டீ டம்ளர் வரைக்கும் வந்துடுச்சு. அவங்களுக்கு அதுல கோபமே கிடையாது. எனக்கு யாராவது பட்டப்பேரு வச்சா அன்னிக்கு அவங்க வீட்டுக்கு ரொட்டி கிடையாது.

பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, கல்லாப் பக்கத்துல நின்னுக்கிட்டே ஒரு டீ, ரெண்டு ரஸ்க். அதான் அவங்க வழக்கம். உட்காருங்கன்னா உட்கார மாட்டாங்க. "உட்கார்ந்தா எழுந்திரிக்க மனசு வராதுக்கா"ம்பாங்க. டீச்சராகறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டுடியோவுல கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுற வேலை பார்த்தாங்களாம். ஜன்னல் இல்லாத ஒரு ரூமு, ஒரு கம்ப்யூட்டர், கால் ஆடுற ஒரு நாற்காலி. அந்தக் கதையை ஒரு நாள் சொன்னாங்க.

"ஒரு கல்யாணத்துல பொண்ணு அழுதுச்சுக்கா. எதுக்குத் தெரியுமா? புதுச் செருப்பு குதிகாலைக் கடிச்சிடுச்சு. நான் அந்த அழுகையை வெட்டி, அவ அப்பா முகத்துக்கு அடுத்தாப்புல ஒட்டிட்டேன். வீடியோ பார்த்த மொத்தக் குடும்பமும் தேம்பித் தேம்பி அழுதுச்சு. அந்த அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் பொண்ணுக்கு என் மேல இவ்வளவு பாசமான்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா'ன்னாரு. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல."

"பாசம் இருந்திருக்கும்ல?"ன்னேன்.

"இருந்திருக்கும். ஆனா அந்த அழுகை செருப்புக்கு. ஒரு துண்டு கூடப் பொய் இல்லக்கா. ஒட்டினது தான் பொய்."

அது அவங்களை ரொம்ப உறுத்தியிருக்கு போல. பள்ளிக்கூடத்துல ஓவிய வாத்தியார் ஓய்வு பெத்துப் போய், அந்த இடத்துக்கு ஆளே வரல. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சும்மா கிடந்துச்சு. பிள்ளைங்க போடுற கூச்சல் எங்க அடுப்பு வரைக்கும் கேக்கும். யாரு எடுக்குறீங்கன்னு தலைமை ஆசிரியர் கேட்டப்போ இவங்க கையைத் தூக்கினாங்க. போன்ல வர்றதை நம்பறதுக்கு முன்னாடி எப்படிப் பார்க்கணும், யாரு எடுத்தது, எங்க எடுத்தது, எதை வெட்டிட்டாங்கன்னு சொல்லித் தர்ற வகுப்பு. 'வெட்டினதும் ஒட்டினதும்'னு அதுக்குப் பேரு. தலைமை ஆசிரியர் நல்ல மனுஷன், ஆனா நிழலைப் பார்த்தாலும் பயப்படுவாரு. கால அட்டவணையில அந்தப் பேரை எழுதத் தைரியம் வரல. 'ஓவியம்'னே விட்டுட்டாரு. இன்னிக்கும் அட்டவணையில அது ஓவியம் தான்.

அந்த வகுப்புல ஒரு பயிற்சி. ஒரே வேலையைப் படம் எடுத்து, அதே துண்டுகளை வச்சு ரெண்டு வீடியோ செய்யணும். ஒண்ணு உண்மை, ஒண்ணு பொய். பொய் செய்யறது எவ்வளவு சுலபம்னு கை பழகினா தான் கண்ணு பழகும்னு அவங்க கணக்கு. "ரொட்டி எப்படி செய்யறாங்கன்னு எடுத்துக்கறோம்"னு ஒரு கூட்டம் பிள்ளைங்க எங்க கடைக்கு வந்துச்சுங்க. கூட்டத்துக்குத் தலைவி ஒரு கண்ணாடி போட்ட பொண்ணு. கண்ணாடிக்காரின்னு தான் நான் கூப்பிடுவேன். என்னையே 'கொஞ்சம் தள்ளுங்க ஆண்ட்டி, வெளிச்சம் மறைக்குது'ன்னா! என் கடையில, என்னையே!

ரெண்டு மூணு நாள் வந்து எடுத்தாங்க. அதுல ஒரு நாள் அடுப்புலேர்ந்து எடுத்த தட்டு என் கை நழுவிடுச்சு. சுடச்சுட பன்னெல்லாம் தரையில உருண்டுச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டே எல்லாத்தையும் கூடையில பொறுக்கிப் போட்டு, கொல்லைப் பக்கம் இருக்கிற நீல டிரம்முல கொட்டினேன். கோழிப் பண்ணைக்காரர் வந்து அதை எடுத்துட்டுப் போவாரு. கீழ விழுந்தது, காய்ஞ்சது எல்லாம் அவருக்குத் தான். அப்புறம் அடுத்த தட்டை எடுத்து வழக்கம் போல கவர்ல போட்டு வித்தேன். கடையில அப்போ நிறைய பேரு நின்னாங்க, ரெண்டு பேரு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டும் நின்னாங்க. இப்பல்லாம் யாரு போனைத் தூக்காம நிக்கிறாங்க?

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில என் நாத்தனார் போன் பண்ணினா. "அண்ணி, உங்க கடை வீடியோ வந்திருக்கு, பார்த்தீங்களா?" பார்த்தேன். பன் தரையில உருளுது. நான் பொறுக்கிக் கூடையில போடுறேன். அடுத்த நொடி அதே கையால கவர்ல போட்டு, பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டே ஒரு சின்னக் குழந்தை கையில கொடுக்குறேன். நீல டிரம்மைக் காணோம். கோழியைக் காணோம். எனக்கே என்னைப் பார்த்தா அருவருப்பா இருந்துச்சு.

அதுக்கு மேல ஜனங்க கண்ணு காது மூக்கு வச்சுட்டாங்க. எலி ஓடுச்சாம். எச்சில் துப்பினேனாம். ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில கிடக்குதாம். மூணாம் நாள் நானும் எங்க வீட்டுக்காரரும் கடையில ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். வாடிக்கையா வாங்குற டீக்கடைக்காரங்க எல்லாம் வேற பக்கம் போயிட்டாங்க. சுட்ட ரொட்டி அத்தனையும் சாயங்காலம் கோழிக்குப் போச்சு. தெருவுல நடந்தா, நேத்து வரைக்கும் 'என்னக்கா'ன்னு கூப்பிட்டவங்க போனைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டு பேரும் கல்யாணமான நாள்லேர்ந்து மாவுல நின்ன உடம்பு எங்களுது. வேற தொழில் தெரியாது. இந்த மாசம் தாண்டுமான்னு கேட்டா, தாண்டாதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கல, அவ்வளவு தான்.

யாரு செஞ்சதுன்னு யோசிச்சப்போ, பக்கத்துத் தெரு கேக் கடைக்காரன் மேல தான் என் சந்தேகம் போச்சு. அவன் கடைப் பையன் அன்னிக்கு எங்க கல்லா முன்னாடி நின்னான். பிள்ளைங்க நினைப்பே வரல. மாவு பிசையுறதை எடுக்க வந்த பிள்ளைங்க இப்படிச் செய்யும்னு எந்த மனசுக்குத் தோணும்? முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுச் சண்டைக்குக் கிளம்பிட்டேன். எங்க வீட்டுக்காரர் வாசல்ல குறுக்க நின்னாரு. "சூட்டோட தட்டுலேர்ந்து எடுத்தா பிஞ்சு போகும். ஆறட்டும்"னாரு. அவருக்கு எல்லாமே ரொட்டி தான்.

நல்ல வேளை நிறுத்தினாரு. ஏன்னா அன்னிக்குச் சாயங்காலமே டீச்சர் வந்தாங்க. கூட அந்தக் கண்ணாடிக்காரி, அழுது அழுது கண்ணாடியெல்லாம் மங்கிப்போய். டீ கேக்கல. நேரா என் முன்னாடி வந்து நின்னாங்க.

"அக்கா, அந்த வீடியோவை வெட்டினது என் பிள்ளைங்க. வெட்டக் கத்துக்கொடுத்தது நான்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அவங்க தான் விளக்கினாங்க. பயிற்சிக்குச் செய்யற பொய் வீடியோவுல 'இது பாடத்துக்காகச் செஞ்ச பொய்'னு ஒரு அட்டை கட்டாயம் வைக்கணும். அது வகுப்போட சட்டம். பிள்ளைங்க சட்டப்படி தான் வச்சிருக்காங்க, கடைசியில. நம்ம கண்ணாடிக்காரி, நல்லா செஞ்சிருக்கோம்ங்கிற பெருமையில, அம்மா போன்ல அதை ஸ்டேட்டஸா வச்சிருக்கா. ஸ்டேட்டஸ்ல முப்பது வினாடிக்கு மேல ஏறாது. அட்டை முப்பதாவது வினாடிக்கு அப்புறம் வருது. நுனி அறுந்துபோச்சு. பொய் முழுசா போச்சு, பொய்ங்கிற சொல்லு மட்டும் வீட்டுலயே தங்கிடுச்சு. அவ சித்தப்பா அதைப் பார்த்து, எடுத்து நாலு பேருக்கு அனுப்ப, அது நானூறு ஆகிடுச்சு.

"அட்டையை நடுவுல வைக்கணும்னு எனக்குத் தோணியிருக்கணும். வெட்டுறதே தொழிலா இருந்தவ நான். நுனியைத் தான் முதல்ல வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? தப்பு என்னுது"ன்னாங்க.

அப்புறம் நான் பேசினேன். பேசினேன்னா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். படிச்சவங்க தானே, எங்க வயித்துல அடிக்கிறதுக்கா பாடம் நடத்துறீங்க, உங்களுக்கு விளையாட்டு, எங்களுக்குச் சோறுன்னு. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அவங்க தலையைக் குனியல, எதிர்த்தும் பேசல. நடுவுல அந்தப் பொண்ணு, "டீச்சரைத் திட்டாதீங்க ஆண்ட்டி, என்னைத் திட்டுங்க"ன்னா. உள்ள போயிட்டேன்.

ஒரு விஷயம் எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது, தலைமை ஆசிரியரே சொன்னாரு. இவங்க முதல்ல அவர்கிட்ட தான் போயிருக்காங்க. அவரு, "யாருக்கும் தெரியாதேம்மா. நீங்களா போய் ஏன் மாட்டிக்கிறீங்க? கொஞ்ச நாள்ல ஜனங்க மறந்துடுவாங்க. உங்க வேலையே ஒரு நூல்ல தொங்குது"ன்னிருக்காரு. "ஜனங்க வீடியோவை மறந்துடுவாங்க சார். அந்தக் கடையில வாங்கக் கூடாதுங்கிறதை மட்டும் மறக்க மாட்டாங்க"ன்னுட்டு நேரா எங்க கடைக்கு வந்துட்டாங்க. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? எனக்கே தெரிஞ்சிருக்காது. கேக் கடைக்காரன் தலையில ரெண்டு போட்டுட்டு, கடையை மூடிட்டு, போயிருப்போம்.

மறுநாள் பள்ளி விட்டதும் டீச்சரும் பிள்ளைங்களும் பெத்தவங்களும் தெருவுல இறங்கினாங்க. முழு வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிட்டா போதாதான்னு கண்ணாடிக்காரியோட அப்பா கேட்டாராம். "பொய் சின்னது, எல்லாரும் பார்த்தாங்க. உண்மை நீளம், யாரும் பார்க்க மாட்டாங்க. நாம பக்கத்துல நின்னா தான் பார்ப்பாங்க. அது போன வழியே நாமளும் போகணும்"னாங்களாம் டீச்சர். அப்படியே போனாங்க. முதல்ல சித்தப்பா வீடு. உட்கார வச்சு, முழுசா போட்டுக் காட்டி, நாங்க தான் இப்படி வெட்டினோம்னு பிள்ளைங்களே சொல்லி, "நீங்க யாருக்கு அனுப்பினீங்க?"ன்னு கேட்டு, அடுத்த வீடு. ஒரு தையல் கடை. ஒரு பெட்ரோல் பங்க். ஒரு மருந்துக் கடை. சில பேரு கதவைச் சாத்தினாங்க. ஒரு பெரிய மனுஷர், "ஏதோ இருக்கப் போய்த் தானே எடுத்தீங்க"ன்னாரு. டீச்சர், "இருந்துச்சு சார், ஒரு நீல டிரம் இருந்துச்சு. அதை வெட்டிட்டோம், பாருங்க"ன்னு மறுபடியும் முதல்லேர்ந்து போட்டாங்க.

மூணாம் நாள் நானும் கூடப் போனேன். கோபம் தீர்ந்து போகல, சும்மா பார்க்கலாம்னு தான். நாலு வீட்டுக்கு வாயே திறக்கல. அஞ்சாவது வீட்டுப் படியில ஏறும்போது தான் பார்த்தேன், அது என் நாத்தனார் வீடு!

"அண்ணி, எல்லாரையும் உஷார் பண்ணலாம்னு தான் அனுப்பினேன்"னா.

"யார்கிட்டேர்ந்துடி உஷார்? என்கிட்டேர்ந்தா?"ன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பி நின்னு சிரிச்சாங்க. எனக்கும் அடக்க முடியல. என் நாத்தனார் மட்டும் பேய் முழி முழிச்சா. அன்னிக்குத் தான் அந்த வீடியோ வந்ததுக்கப்புறம் முதல் தடவையா சிரிச்சேன். என் நாத்தனார் அதுக்கப்புறம் கூடவே கிளம்பி, தான் அனுப்பின வீடெல்லாம் அவளே கூட்டிட்டுப் போனா.

ஒரு வாரத்துல கடைக்கு ஆள் வர ஆரம்பிச்சுது. முதல்ல வந்தவரு ஒரு ஆட்டோக்காரர். "மன்னிச்சுக்கங்கக்கா, நானும் அனுப்பினேன்"னு சொல்லிட்டு பன் வாங்கிட்டுப் போனாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து, உள்ள எட்டி நீல டிரம் இருக்கான்னு பார்ப்பாங்க. இருக்கும். பார்த்துட்டு வாங்குவாங்க. முதல்ல எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் நானே டிரம்மைக் கல்லாப் பக்கம் எல்லாரும் பார்க்கிற மாதிரி எடுத்து வச்சுட்டேன்.

ஆனா வீடு வீடா போய் 'நான் தான் செஞ்சேன்'னு சொன்னா அது கல்வி அலுவலகம் வரைக்கும் போகாம இருக்குமா? ஒரு அதிகாரியம்மா வந்தாங்க. தலைமை ஆசிரியர் ரூமுக்கு என்னையும் வரச் சொன்னாங்க. மேஜை மேல கண்ணாடி விரிச்ச ரூமு, மூலையில தண்ணி கேன், சுவர்ல கால அட்டவணை. டீச்சர் ஓரமா நின்னாங்க. இங்கயும் உட்காரல.

"ஓவிய வகுப்புல வீடியோ எதுக்கு?"ன்னு அதிகாரியம்மா கேட்டாங்க. தலைமை ஆசிரியர் கைக்குட்டையை எடுத்து நெத்தியைத் துடைச்சாரு. அதிகாரியம்மா என் பக்கம் திரும்பி, "பாதிக்கப்பட்டது நீங்க. புகார் கொடுத்தீங்கன்னா இவங்களை இன்னிக்கே விடுவிச்சுடலாம். தற்காலிக வேலை தானே"ன்னாங்க. தற்காலிக வேலை தானேன்னு அவ்வளவு லேசா சொன்னது தான் எனக்குச் சுருக்குன்னு ஏறிச்சு.

"நான் ஒண்ணு கேக்கலாமாம்மா? அந்த வீடியோவை நீங்க பார்த்தீங்களா?"ன்னேன்.

"வந்துச்சு, பார்த்தேன்."

"நம்பினீங்களா?"

அவங்க கையிலிருந்த பேனாவை மூடி மேஜை மேல வச்சாங்க.

"ஊருல அத்தனை பேரு நம்பினாங்க, அத்தனை பேரு அனுப்பினாங்க. ஒருத்தராவது என்கிட்ட வந்து, இதுக்கு முன்னாடி என்னக்கா நடந்துச்சுன்னு கேக்கல. கூடப்பொறந்தவ மாதிரி இருந்த நாத்தனாரே கேக்கல. தப்பு நடந்துச்சு, இல்லேங்கல. என் வயிறு எரிஞ்சுது, அதையும் இல்லேங்கல. ஆனா என் வாசல்ல வந்து 'என் தப்பு'ன்னு சொன்னது ஒரே ஒரு ஆளு. போன பேரை வீடு வீடா போய்த் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததும் அதே ஆளு. அவங்களை அனுப்பிட்டு அந்த வகுப்பையும் மூடிட்டீங்கன்னா, நாளைக்கு இன்னொருத்தி வயித்துல அடிக்கிற வீடியோ வரும். அப்போ கேள்வி கேக்க இந்தப் பிள்ளைங்களுக்கு யாரு சொல்லித் தருவா? புகார் கிடையாது. என்கிட்ட நன்றி தான் இருக்கு. அதை எங்க கொடுக்கணும்னு சொல்லுங்க, கொடுத்துட்டுப் போறேன்."

அதிகாரியம்மா டீச்சர் பக்கம் திரும்பினாங்க. "அட்டையை வீடியோ முழுக்க, நடுவுல வைக்கணும். யாரைப் படம் எடுக்கறீங்களோ அவங்களுக்கு முழுசா சொல்லணும்"னாங்க. டீச்சர், "ரெண்டையும் அன்னிக்கே மாத்திட்டேம்மா"ன்னாங்க. அவ்வளவு தான். அதிகாரியம்மா போகும்போது எங்க கடையில பன் வாங்கினாங்க. டிரம்மையும் எட்டிப் பார்த்தாங்க, நான் கவனிச்சேன்.

அதுக்கப்புறம் டீச்சருக்கு வேலை நிரந்தரமாச்சு. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைங்களுக்கு அந்த வகுப்போட முதல் பாடம் எங்க கடை வீடியோ தான். நான் தான் கேட்டுக்கிட்டேன், என் மூஞ்சியையே போடுங்கன்னு. அன்னிக்கு நான் ஒரு தட்டு பன்னோட கதவுக்கு வெளியில காத்திருப்பேன். பிள்ளைங்க வீடியோ பார்த்து "சீச்சீ", "இந்தப் பொம்பளையைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கணும்"னு கத்துவாங்க. அப்புறம் டீச்சர் கேப்பாங்க, "அதுக்கு முன்னாடி என்ன? அதுக்குப் பின்னாடி என்ன?" முழு வீடியோ ஓடும். பிள்ளைங்க கப்சிப். அப்போ என்னைக் கூப்பிடுவாங்க.

இந்த வருஷமும் நின்னேன். உள்ள கத்தல் ஆரம்பிச்சுது. நானும் பழக்கப்பட்டவ, சிரிச்சுக்கிட்டு இருந்தேன். டீச்சர் இன்னும் கேள்வியைக் கேக்கவே இல்ல. அதுக்குள்ள ஒரு சின்னப் பொண்ணோட குரல் வந்துச்சு. "டீச்சர், ஒரு நிமிஷம். அந்த ஆண்ட்டி பன்னைப் பொறுக்கினாங்க, அப்புறம் அந்தக் கூடையைக் காணோம். நடுவுல எங்க போனாங்க? அது தெரியாம எப்படித் திட்டுறது?"

என்னால வெளியில நிக்க முடியல. கூப்பிடறதுக்கு முன்னாடியே உள்ள போயிட்டேன். அன்னிக்குத் தெருவுல இப்படி ஒரு குரல், ஒரே ஒரு குரல் வராதான்னு தானே ஏங்கினேன்! டீச்சர் என்னைப் பார்த்தாங்க. அவங்க கண்ணும் கலங்கித் தான் இருந்துச்சு. நான் நேரா அந்தப் பொண்ணுகிட்ட போய், தட்டுலேர்ந்து முதல் பன்னை எடுத்து நீட்டினேன்.

அவ வாங்கிக்கல. பன்னைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "ஆண்ட்டி, இது கீழ விழலையே?"ன்னா.

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுது. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சந்தோஷம்! "விழலடி தங்கம். நீ நல்லா கேளு, எல்லாரையும் கேளு"ன்னேன். அதுக்கப்புறம் தான் வாங்கிக்கிட்டா.